கமாவில் தொங்கும் வாக்கியங்கள்

குன்றக்குடிக்குப் போய்வந்ததைப் பற்றி என் மகள் எழுதிய இங்கிலீஷ் கட்டுரை போன மாதம் என் கைக்கு வந்தது. எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். எண்ணிப் பார்த்தேன். பதினோரு கமா, ஒரே ஒரு முற்றுப்புள்ளி. அதுவும் பக்கத்தின் கடைசி வரியில், இதற்குமேல் இடமில்லை என்று வைத்ததுபோல இருந்தது.

"லாஸ்ட் சண்டே வீ வென்ட் டு குன்னக்குடி, மை அப்பத்தா கேம் வித் அஸ், த ஸ்டெப்ஸ் வேர் வெரி ஹாட், வீ ரேன், அப்பத்தா குட் நாட் ரன், ஐ ஸா எ பீகாக், இட் வாஸ் ஸ்டாண்டிங் ஆன் த ராக், தென் வீ ஏட் புளியோதரை..." இப்படியே ஓடுகிறது. ஓரத்தில் டீச்சர் சிவப்பு மையில் 'ரன்-ஆன்' என்று எழுதி, பத்துக்கு நாலு போட்டிருந்தார்.

ஸ்பெல்லிங் தப்பில்லை, எழுத்து முத்து முத்தாக இருக்கிறது, நாலு மார்க்கா என்று எனக்கும் சுருக்கென்றது. உடனே நான் செய்தது பெரிய தப்பு. போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம்பிடித்து, திருத்தித் தரும் ஆப்பில் போட்டேன். அரை நிமிடத்தில் சுத்தமான இங்கிலீஷ் வந்து விழுந்தது. பார்த்து எழுது என்றேன். எழுதினாள். மறுநாள் 'குட்' வாங்கிக்கொண்டு வந்தாள். அடுத்த வாரப் பரீட்சையில் பிள்ளையார்பட்டியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். போன் இல்லை, நான் இல்லை. மறுபடியும் கமா, கமா, கமா.

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கிறது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லித்தான் ஆகவேண்டும்.

காலையில் வேன் வரும்வரை மானகிரி மெயின் ரோட்டோரம் நின்று நாம் பேசுகிற பேச்சு எனக்கு மனப்பாடம். எந்தப் பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் எவ்வளவு ஏறியிருக்கிறது, எந்த டியூஷன் சாரிடம் இடமில்லை, எந்த வீட்டுப் பிள்ளை சாப்பிடும்போதும் இங்கிலீஷிலேயே பேசுகிறது. காரைக்குடியிலிருந்து மதுரை போகிற இந்த ரோட்டில் பெரிய ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் வந்த பிறகு, சுற்றுப்பட்டு ஊர்களில் இருந்தெல்லாம் நம் பிள்ளைகளை இங்கிலீஷுக்கென்று அனுப்புகிறோம். நகையை வைத்து ஃபீஸ் கட்டியவர்கள் நம்மில் இருக்கிறார்கள். ஆனால் "நேத்து ராத்திரி எம்புள்ள நோட்டை எடுத்துவச்சு ஒரு பக்கம் வாசிச்சுப் பாத்தேன்" என்று ஒருவர் சொல்லி, இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. நோட்டில் நாம் பார்ப்பதெல்லாம் வட்டம் போட்ட அந்த மார்க்கை மட்டும்தான்.

அந்த மார்க் குறைந்தால் டீச்சரிடம் சண்டைக்குப் போகிறோம். போன பருவத்துப் பெற்றோர் கூட்டத்தில் நம்மில் ஒருவர் எழுந்து, "கமாவுக்கெல்லாமா மார்க்கைக் குறைப்பீங்க? கருத்து சரியாத்தானே இருக்கு?" என்று சத்தம் போட்டார். பாதிப்பேர் தலையாட்டினோம். அந்த டீச்சர் ஒன்றும் பேசாமல் நோட்டை வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டார். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என்றால் ஒரு கட்டுரைக்கு நாற்பது நோட்டு. அதை வீட்டுக்குச் சுமந்துபோய், ராத்திரி விழித்திருந்து, வரிக்கு வரி வாசித்து 'ரன்-ஆன்' என்று எழுதிய ஒரு மனுஷிக்கு நாம் கொடுத்த மரியாதை அது. அதற்குப் பிறகு வந்த நோட்டுகளில் சிவப்பு மை குறைந்துபோனதைக் கவனித்தீர்களா? பிழைகள் குறையவில்லை. அடுத்த முறை அவர் ஏன் மெனக்கெடப் போகிறார்?

சரி, அந்தப் பிழைதான் என்ன? தனித்தனியாக நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களை நடுவில் எதுவுமே இல்லாமல் ஓடவிட்டால் ரன்-ஆன். நடுவில் ஒரு கமாவை மட்டும் போட்டு ஒட்டினால் கமா ஸ்ப்ளைஸ். டீச்சர் இதையும் சேர்த்துத்தான் ரன்-ஆன் என்று எழுதியிருந்தார். ஸ்ப்ளைஸ் என்பது இரண்டு கயிற்று முனைகளைப் பிரித்துப் பின்னி ஒன்றாக்குகிற வேலை. அந்தப் பின்னலைக் கமா தாங்காது என்பதுதான் இங்கிலீஷ்காரர்களின் விதி. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918இல் தன் மாணவர்களுக்காக அச்சிட்ட சின்னஞ்சிறு கையேட்டிலேயே இதற்கென்று ஒரு விதி உண்டு. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கே அவர் எச்சரிக்க வேண்டியிருந்தது. அதனால் நம் பிள்ளை எழுதிவிட்டதே என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் நம் பிள்ளைகளுக்கு இது வரும் வழி வேறு. அதைத் தெரிந்துகொள்ளாமல் திட்டிப் பிரயோசனம் இல்லை. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'வந்து' என்றால் இன்னும் ஏதோ வரப்போகிறது, 'வந்தேன்' என்றால் முடிந்துவிட்டது. மூன்று வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். எச்சம், முற்று என்று தொல்காப்பியக் காலத்திலிருந்தே பெயர் வைத்திருக்கிறோம். வாக்கியம் முடிந்த செய்தியை வினைச்சொல்லே சொல்லிவிடுவதால், ஓலையிலும் கல்வெட்டிலும் கமாவோ முற்றுப்புள்ளியோ இல்லாமலேயே நம் முன்னோர் எழுதினார்கள், படித்தார்கள். மெய்யெழுத்துக்குக்கூடப் புள்ளி வைக்காத ஓலைகள் எத்தனையோ உண்டு. இன்றைக்கும் 'படி ஏறினோம், சாமி கும்பிட்டோம், சாப்பிட்டோம், வந்துவிட்டோம்' என்று தமிழில் எழுதினால் ஒருவரும் சிவப்பு மையைத் தொடமாட்டார்கள். ஒவ்வொரு சொல்லும் தன் கதவைத் தானே சாத்திக்கொண்டு போகிறது. கமா சும்மா கூட நடக்கிறது.

இங்கிலீஷில் வினைச்சொல் நடுவில் வரும். அதற்குப் பின்னால் யார், எது, எங்கே என்று எவ்வளவு வேண்டுமானாலும் நீண்டுகொண்டு போகலாம். எங்கே முடிகிறது என்பதை வெளியிலிருந்து ஒரு குறிதான் சொல்ல வேண்டும். என் மகளுக்கு நான் காட்டிய உதாரணம் இது. 'ஐ ஸா த பஸ் மை அங்கிள் மிஸ்ட் இட்.' வாசிக்கிறவர் 'ஐ ஸா த பஸ் மை அங்கிள் மிஸ்ட்' வரை வந்ததும், 'மாமா தவறவிட்ட பஸ்ஸை நான் பார்த்தேன்' என்று புரிந்துகொண்டு விடுகிறார். கடைசியில் 'இட்' வந்து காலை வாருகிறது. திரும்பப் போய் முதலிலிருந்து படிக்கிறார். பஸ்ஸை நான் பார்த்தேன், மாமா அதைத் தவறவிட்டார் என்று அப்போதுதான் தெரிகிறது. படிப்பவரைத் திரும்பி நடக்கவைப்பதுதான் இந்தப் பிழையின் குற்றம். பரீட்சைத் தாள் திருத்துகிறவருக்கும், நாளைக்கு நம் பிள்ளை போடப்போகும் வேலை விண்ணப்பத்தைப் படிக்கிறவருக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது.

கமா ஏன் போதாது என்பதற்குத் தமிழிலேயே விடை இருக்கிறது. நாம்தான் கவனிப்பதில்லை. கமாவுக்கு நம் பெயர் காற்புள்ளி. செமிகோலன் அரைப்புள்ளி, கோலன் முக்காற்புள்ளி, கடைசியில் முற்றுப்புள்ளி. கால், அரை, முக்கால், முழுசு. காற்புள்ளியில் ஒரு மாத்திரை நேரம் நிற்க வேண்டும், அரையில் இரண்டு, முக்காலில் மூன்று, முற்றில் நான்கு என்று பழைய இலக்கணப் புத்தகங்கள் கணக்குச் சொல்லும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் முந்திரி, காணி, மா, கால், அரை என்று எண்சுவடியை மனப்பாடம் செய்துவிட்டு, பதின்வயதிலேயே ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறி, கணக்கு எழுதப் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்தவர்களின் ஊர் இது. ஒருவர் பற்றை இன்னொருவர் பக்கத்தில் எழுதிவிட்டால் ராத்திரி கணக்கு முடிகிறவரை சாப்பாடு கிடையாது. அந்தப் பேரேட்டு ஊரில், முழு வாக்கியத்தைக் கால் புள்ளியால் முடிக்கிற பிள்ளையைப் பார்த்து நாம் 'கருத்து சரிதானே' என்கிறோம். கால் ரூபாயைக் கொடுத்து ஒரு ரூபாய்ச் சாமானை எடுத்துவந்தால் அப்படிச் சொல்வோமா?

இந்தக் கணக்கைச் சொன்னதும் என் மகளுக்குப் பளிச்சென்று பிடித்துக்கொண்டது. இரண்டு முழு வாக்கியத்துக்கு நடுவில் முழுப்புள்ளி நிற்கலாம். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கிற வாக்கியங்கள் என்றால் அரைப்புள்ளி நிற்கலாம். காற்புள்ளிதான் வேண்டும் என்றால் கூட ஒரு ஆள் துணைக்கு வரவேண்டும். அந்தத் துணையாட்கள் இங்கிலீஷில் ஏழே பேர்: அண்ட், பட், ஆர், ஸோ, யெட், நார், ஃபார். 'ஹௌவெவர்', 'தேர்ஃபோர்' எல்லாம் பார்க்கப் பெரிய ஆட்களாக இருந்தாலும் இந்த ஏழில் சேர்த்தி இல்லை. அவர்களுக்கு முன்னால் முழுசோ அரையோ வேண்டும். நம் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது 'தென்' என்ற சொல்லில். கதை சொல்லும்போது 'அப்புறம்... அப்புறம்...' என்று கோத்துக்கொண்டே போகிறோம் அல்லவா, அந்த 'அப்புறம்' அப்படியே 'தென்' ஆகிக் கமாவுக்குப் பின்னால் வந்து நின்றுவிடுகிறது. 'தென்'னும் துணையாள் இல்லை. உங்கள் பிள்ளையின் நோட்டில் முதலில் இதைத் தேடிப் பாருங்கள். நிச்சயம் அகப்படும்.

இன்னொரு குற்றத்தையும் நம் தலையில்தான் போடவேண்டும். 'மூச்சு விடுற இடத்துல கமா போடு' என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நாம்தான். நமக்கு நம் வாத்தியார் சொன்னது. அதில் ஒரு பழைய நியாயம் உண்டு. கி.மு. 200 வாக்கில் அலெக்சாந்திரியா நூலகத்துக்குத் தலைவராக இருந்த அரிஸ்டோஃபனிஸ், மேலே, நடுவே, கீழே என்று மூன்று உயரத்தில் புள்ளிவைக்கச் சொன்னது உரக்க வாசிப்பவர் எங்கே நிற்கவேண்டும் என்று காட்டத்தான். கமா என்ற கிரேக்கச் சொல்லுக்கே வெட்டிய துண்டு என்றுதான் அர்த்தம். நம் மாத்திரைக் கணக்கும் வாசிப்பவரின் மூச்சுக்குப் போட்ட கணக்கே. ஆனால் அச்சு வந்த பிறகு, மனதுக்குள்ளே படிக்கும் பழக்கம் வந்த பிறகு, இந்தக் குறிகளின் வேலை மாறிவிட்டது. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெனிஸ் நகரத்து அச்சக்காரர் ஆல்டஸ் மனூஷியஸ் அரைப்புள்ளியை அச்சில் வார்த்தது முதல், படிப்படியாகக் குறிகள் வாக்கியத்தின் கட்டுமானத்தைக் காட்டுகிற வேலைக்கு வந்துவிட்டன. ஓடிவந்து எழுதுகிற பிள்ளைக்கு மூச்சு ஒரு மாதிரி, படுத்துக்கொண்டு எழுதுகிற பிள்ளைக்கு வேறு மாதிரி. மூச்சை நம்பிக் கமா போடச் சொன்னால் அது போடுகிற ஒவ்வொரு கமாவும் குருட்டு அதிர்ஷ்டம்தான்.

தமிழ் உரைநடைக்கு இந்தக் குறிகளை ஒழுங்காகக் கொண்டுவந்தவர்களில் முதலில் சொல்லவேண்டியவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879). பெர்சிவல் பாதிரியாருடன் உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்க உதவியவர். இங்கிலீஷ் புத்தகத்தில் குறிகள் செய்கிற வேலையைக் கிட்ட இருந்து பார்த்து, அதைச் சைவப் பிள்ளைகளின் பாலபாடத்துக்கும் புராண வசனத்துக்கும் கொண்டுவந்தார். புள்ளியில்லாமலேயே ஆயிரம் வருஷம் ஓடிய மொழியில், படிக்கிற பிள்ளை தடுக்கி விழக்கூடாது என்பதற்காக ஒரு மனிதர் இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார். நம் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த, இன்று சென்னையில் அவர் பெயரிலேயே இருக்கும் நூலகத்துக்கு எப்போதாவது போனால் பழைய அச்சுப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். பக்கம் பக்கமாகப் புள்ளியே இல்லாமல் ஓடும் வசனத்தைப் படித்துப் பார்த்தால், நாவலர் செய்த உபகாரம் என்னவென்று கண்ணே சொல்லும்.

இங்கே ஒருவர் கேட்பார், டிக்கன்ஸ் எழுதவில்லையா என்று. எழுதினார். 1859இல் வந்த அவருடைய 'எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்' நாவலின் முதல் வாக்கியமே கமாவால் கோத்த நீளமான சரம்தான். ரோமாபுரி சீசர் அனுப்பிய மூன்று சொல் வெற்றிச் செய்தியும் இங்கிலீஷில் கமாவோடுதான் அச்சாகிறது. ஸ்ட்ரங்க்கும்கூட, ரொம்பச் சின்னதாக, ஒரே அச்சில் வார்த்ததாக இருந்தால் கமா போதும் என்று விட்டுக்கொடுக்கிறார். அவர்கள் தெரிந்து மீறியவர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை தெரியாமல் எழுதுவதற்கு டிக்கன்ஸைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். விதி கைக்கு வந்த பிறகு அவள் விருப்பம்போல மீறட்டும்.

இப்போது என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். போனில் திருத்தியது பலிக்கவில்லை என்றதும், அடுத்த தப்பைச் செய்தேன். சத்தம் போட்டேன். "எத்தனை தடவ சொல்றது, புள்ளி வைக்கத் தெரியாதா உனக்கு?" அன்றைக்கு வீட்டில் விருந்தாளி வேறு. அவர் முன்னால் சொன்னேன். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. அடுத்த கட்டுரையைப் பார்த்தேன். 'வீ வென்ட். ஐ ஸா. இட் வாஸ் பிக். வீ ஏட். வீ கேம் ஹோம்.' ஒரு பிழை இல்லை. ஒரு உயிரும் இல்லை. குன்றக்குடிப் படியில் மயிலைப் பார்த்து ஓடிய பிள்ளை, புள்ளிக்குப் பயந்து தந்தி அடித்திருந்தாள். கமாவில் தொங்கிய கட்டுரை அதைவிட எவ்வளவோ மேல். சிவப்பு மையால் பிள்ளைகள் மிரள்வதில்லை. அதை நாம் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆள் முன்னால் காட்டி, அவமானமாக்குகிறோம். அதில்தான் மிரள்கிறார்கள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், திண்ணையில் உட்கார்ந்து, அந்தப் பழைய குன்றக்குடிக் கட்டுரையை எடுத்துக்கொண்டோம். பேனா எடுக்கவில்லை. இது முக்கியம். பேனா கையில் இருந்தால் நாமே திருத்திவிடுவோம். "நீ சத்தமா வாசி, நான் கேக்கிறேன்" என்றேன். என் மாமியார், அவளுக்கு அப்பத்தா, தூணோரம் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள். இங்கிலீஷ் ஒரு சொல் தெரியாது. இவள் வாசித்து முடித்ததும், "என்னத்தா, ரயிலு மாதிரி போற? எந்த ஸ்டேஷன்லயும் நிக்காதா?" என்றார்கள். மகள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு வந்த பிறகுதான் வேலை நடந்தது.

நான் கேட்டது ஒரே கேள்வி. விரலை வரியில் வைத்து நகர்த்திக்கொண்டே போ, "யாரு? என்ன செஞ்சாங்க?" என்று கேள். விடை கிடைத்துவிட்டால் ஒரு வாக்கியம் முடிந்தது. மறுபடி ஒரு 'யாரு' வந்தால் அங்கே நில். "நடுவுல யாரு நிக்கிறா?" முழுப்புள்ளியா, அரைப்புள்ளியா, ஏழு பேரில் ஒருவரா? யாரும் இல்லாமல் கமா மட்டும் நின்றால் அது காவல் இல்லாத வாசல். 'வீ வென்ட் டு குன்னக்குடி' — யாரு? வீ. என்ன செஞ்சாங்க? வென்ட். முடிந்தது. 'மை அப்பத்தா கேம்' — இன்னொரு யாரு. நடுவில் கமா மட்டும். அவளே பென்சிலை எடுத்து வட்டம் போட்டாள். பதினோரு கமாவில் ஒன்பதைப் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்தாள். என் வேலை சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்ததுதான்.

"எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே, நாங்க என்ன சொல்லிக்கொடுக்கிறது?" என்று கேட்கும் வீடுகள் நம் ஊரில் அதிகம். இந்தக் கேள்வியைத் தமிழில்தானே கேட்கிறோம்? என் மாமியாரே இப்போது கேட்கிறார்கள், "நடுவுல யாருத்தா நிக்கிறா?" என்று. விடை சரியா தப்பா என்று பார்க்க அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியவேண்டியதில்லை. பிள்ளை தமிழில் விளக்கும்போதே தனக்குள் திருத்திக்கொள்கிறது. இங்கிலீஷ் தெரிந்த நாம்தான் அவசரப்பட்டுக் கெடுக்கிறோம்.

கண்டுபிடித்தது பாதி. ஒன்பது இடத்திலும் முற்றுப்புள்ளியைக் குத்திவிட்டால் மறுபடி தந்திதான். இரண்டு வாக்கியத்துக்கும் என்ன உறவு என்று பிள்ளை யோசிக்கவேண்டும். ஆனா என்றால் 'பட்', அதனால என்றால் 'ஸோ', ஏன்னா என்றால் 'பிகாஸ்', அப்போ என்றால் 'வென்', ஆனாலும் என்றால் 'ஆல்தோ'. அந்த பஸ் வாக்கியத்தையே பாருங்கள். நான் பஸ்ஸைப் பார்த்தேன், ஆனால் மாமா தவறவிட்டார் என்றால் ஒரு கதை. நான் பஸ்ஸைப் பார்த்தபோது மாமா தவறவிட்டிருந்தார் என்றால் வேறு கதை. கமா இந்த உறவைச் சொல்லாமல் மழுப்பிவிடுகிறது. ஆப் திருத்தும்போது அது தனக்குத் தோன்றிய உறவை எழுதிவிடுகிறது, பிள்ளையின் கதை தெரியாமலே. பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் தாளில் சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று வாக்கியத்தை மாற்றி எழுதச் சொல்லும் கேள்வி வருஷா வருஷம் வருகிறது. நம் பிள்ளைகள் அதை மட்டும் மனப்பாடத்தில் சரியாகச் செய்துவிட்டு, அடுத்த பக்கத்துக் கடிதத்தில் கமாவாகக் கொட்டுகிறார்கள். அந்தக் கேள்வியும் இந்தக் கடிதமும் ஒரே விஷயம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

ஒரு பிள்ளைக்குத் தமிழில் எச்சமும் முற்றும் தெளிவாகத் தெரிந்திருந்தால் இந்த வேலை பாதி முடிந்த மாதிரி. ஆனால் தமிழ் வகுப்பை நாம் எப்படி நடத்துகிறோம்? "தமிழ்தானே, பரீட்சைக்கு முந்தின நாள் பாத்துக்கலாம்" என்கிறோம். தமிழ் நோட்டு வாங்கும்போதுகூட விலை குறைந்த நோட்டாகப் பார்த்து வாங்குகிறோம். இங்கிலீஷ் வராதோ என்ற பயத்தில்தான் தமிழை இப்படித் தள்ளுகிறோம். ஆனால் இங்கிலீஷில் நம்மவர்களுக்கு முன்பு பயம் இருந்ததே இல்லை. கோட்டையூரில் 1909இல் பிறந்த அழகப்பச் செட்டியார் சென்னை மாநிலக் கல்லூரியில் இங்கிலீஷ் இலக்கியத்தில் எம்.ஏ. படித்தவர். அவர்தான் 1947இல் காரைக்குடியில் கல்லூரியைத் தொடங்கினார். கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் நிறுவிய சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்துக்கு, 1935 முதல் 1940 வரை துணைவேந்தராக இருந்தவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். வெள்ளைக்காரர்களே வெள்ளி நாக்குப் பேச்சாளர் என்று கொண்டாடியவர். அவர் வாழ்க்கையைத் தொடங்கியது பள்ளிக்கூட வாத்தியாராகத்தான், திருவல்லிக்கேணிப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர்தான். வகுப்பறையில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகத் திருத்திய கைகளிலிருந்துதான் அந்த இங்கிலீஷ் வந்தது. அப்படி ஒரு கை நம் பிள்ளையின் நோட்டைத் தொடும்போது நாம் மார்க்குக்குச் சண்டை போடுகிறோம்.

கோடிங் வகுப்புக்குத் தனியாகப் பணம் கட்டுகிறீர்கள். சி மொழியில் ஒரு வரியின் கடைசியில் அரைப்புள்ளியை விட்டுவிட்டால் புரோகிராம் ஓடாது என்று அங்கே சொல்லிக்கொடுத்தால், ஆஹா என்று கேட்டுக்கொள்கிறீர்கள். அதே அரைப்புள்ளியை இங்கிலீஷ் டீச்சர் கேட்டால் மட்டும் ஏன் எரிச்சல் வருகிறது?

அதனால் நான் கேட்பது இதுதான். வாரத்தில் இரண்டு நாள், கால் மணி நேரம். போனை உள்ளே வைத்துவிடுங்கள். ஒரு பக்கம் போதும், அதற்குமேல் வேண்டாம். அன்றைக்கு இந்த ஒரு பிழையை மட்டும் பாருங்கள். ஸ்பெல்லிங்கையும் கையெழுத்தையும் இழுத்துப் பேசாதீர்கள். விருந்தாளி இருந்தால் நோட்டை எடுக்கவே வேண்டாம். பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அந்த டீச்சரைப் பார்த்து, சிவப்பு மையை நிறுத்தாதீர்கள் அம்மா, வீட்டில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள். நான் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிஷம் அப்படியே பார்த்தார், பிறகு உட்காரச் சொன்னார்.

அன்றைக்குத் திண்ணையில் ஒரு இடத்தில் நாங்கள் ரொம்ப நேரம் நின்றோம். 'வீ ரேன், அப்பத்தா குட் நாட் ரன், ஐ ஸா எ பீகாக்.' படி சுட்டதால் ஓடினோம், அப்பத்தாவால் முடியவில்லை, மயிலைப் பார்த்தேன். "இந்த மூணுக்கும் நடுவுல என்ன ஆச்சு?" என்று கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள். 'வீ ரேன், பட் அப்பத்தா குட் நாட் ரன், ஸோ ஐ வென்ட் பேக் டு ஹெர். வென் வீ வேர் ஸ்டாண்டிங் இன் த ஷேட், ஐ ஸா எ பீகாக்.'

நான் அன்றைக்கு மேலே கோயில் வாசலுக்கே போய்விட்டிருந்தேன். அவள் திரும்பி இறங்கி வந்தது எனக்குத் தெரியாது. தூணோரம் இருந்த என் மாமியாரைப் பார்த்தேன். "ஆமாத்தா, எங்கையப் புடிச்சுக்கிட்டு நெழல்ல நிப்பாட்டுனா, மயில அப்பத்தான் காமிச்சா" என்றார்கள்.